பஞ்சு அடைத்த மணிகள்

உ
பேட்டை
1912, ஆவணி 8

எங்கள் வீட்டு மாப்பிள்ளை, ஆரல்வாய்மொழி வில்லுப்பாட்டுக் காசிலிங்கப் புலவர் அவர்களுக்கு மச்சான் மாடக்கண்ணு எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி சுடலைவடிவும் சுகம். அங்கே நீரும் என் தங்கை மாரித்தாயும் சுகமா?

இது யார் கை எழுத்து என்று பார்த்தீரா? என் கைதான். காலைப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். இப்போது வெயில் சாய்ந்துவிட்டது. இன்னும் சுகம் விசாரித்துத்தான் முடித்திருக்கிறேன்.

எலியேசர் வாத்தியார் தம் பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு கேட்டார். கூலிக்குப் பதிலாக எழுத்துச் சொல்லித் தாரும் என்றேன். “இந்த வயசுல எழுத்து எதுக்கு பெரியவரே?” என்று சிரித்தார். “எங்க மாப்பிள்ளை எனக்குப் போடுற கடுதாசிய நீரு வாசிக்கீரு, ஊரே கேக்குது வே. நான் மட்டும் கேக்கணும்” என்றேன். அதோடு சிரிப்பு நின்றுவிட்டது. ஆகையால் இனி நீர் எழுதுவதை நான் ஒருவன்தான் வாசிப்பேன்.

உமது பேர் இங்கே கொடிகட்டிப் பறக்கிறது. நாணுக்குத் தோல் கொடுக்கும் அகமது மீரான் அண்ணாச்சி களக்காட்டுக் கோயில் கொடையில் உமது பாட்டைக் கேட்டாராம். “அந்த வில்லைச் செஞ்சது நாந்தான்” என்றேன். “பாட்டு உம்ம மாப்பிள்ளை பாட்டு, வில்லு உம்ம வில்லு, தோலு எங்க கடைத் தோலு வே. என்னையும் சேத்துச் சொல்லும்” என்றார். சேர்த்துக்கொண்டேன்.

இந்த வருஷத்து வில் எப்படி வேண்டும் என்று எழுதும். வைரம் பாய்ந்த பனை ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

அன்புள்ள மச்சான்
மாடக்கண்ணு (என் பேரையும் நானே எழுதினேன்)


ஆரல்வாய்மொழி
1912, ஆவணி 21

மதிப்புக்குரிய மச்சானுக்குக் காசிலிங்கம் வணக்கத்துடன் எழுதியது. இங்கே எல்லாரும் சுகம். மாரித்தாய் உமது கடிதத்தை வாங்கி, எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும், நெடுநேரம் கையில் வைத்திருந்தாள்.

புது வில் போன வருஷத்தைவிட ஒரு சாண் நீளமாக இருக்கட்டும். மணிகள் பெரிதாக வேண்டும். வண்டிமாட்டின் கழுத்தில் கட்டுகிற அளவுக்கு இருந்தாலும் சரி. இப்போதெல்லாம் கூட்டம் அதிகம். கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டாமா?

சித்திரையில் முறப்பநாட்டுச் சுடலைமாடன் கொடைக்கு என்னைப் பேசி வெற்றிலை வைத்துவிட்டார்கள். உமது ஊருக்குப் பக்கம். உமது வில்லோடுதான் வந்து உட்காருவேன். வேறு விசேஷமில்லை.

இப்படிக்கு
காசிலிங்கம்


பேட்டை
1912, ஐப்பசி 2

புலவர் மாப்பிள்ளைக்கு மாடக்கண்ணு எழுதுவது. மழை நன்றாகப் பெய்கிறது. ஆற்றில் செந்தண்ணீர் போகிறது. நாங்கள் சுகம். உங்கள் சுகம் அறிய ஆவல்.

வில் முடிந்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு போகிறார்கள். இரண்டு நுனியிலும் யாளிமுகம் செதுக்கியிருக்கிறேன். அரக்குச் சிவப்பு, நடுவில் பச்சை, ஓரம் மஞ்சள். மேடையில் வைத்தால் கல்யாணப் பெண் மாதிரி இருக்கும். மணிகள் நீர் கேட்ட அளவேதான். வெண்கலம் வார்க்கிறவர், “இது வில்லுக்கா, கோயில் யானைக்கா?” என்று கேட்டார். இந்தத் தெக்கத்திச் சீமையில் இப்படியொரு வில் வேறு எவனிடமும் கிடையாது. என் வாயால் சொல்லக் கூடாதுதான். ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒவ்வொரு வருஷமும் நானே வில்லைக் கொண்டுவந்து உமது ஊர்க் கோயிலில் வைத்துக் கொடுப்பேன். இந்த முறை ஒரு கல்யாண வீட்டுக் கூரைக்குப் பனங்கை செதுக்கிக் கொடுக்க ஒப்புக்கொண்டுவிட்டேன். அதனால் உமது குழுவில் குடம் அடிக்கிற சுடலையாண்டியிடம் பாயில் சுற்றிக் கொடுத்தனுப்புகிறேன்.

அவன் உம்மைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டான். “உம்ம மாப்பிள்ளைக்கு என்ன ஆச்சு வே? குடம் ஒடையுத மாதிரி அடிச்சாலும், ஏம்ல பைய அடிக்கேன்னு வையுதாரு. இன்னும் அடிச்சா ஓடுதான் மிஞ்சும்” என்றான். பெரிய ஆள் ஆனால் கோபமும் பெரிதாக வரும், பொறுத்துக்கொள் என்று சொல்லி அனுப்பினேன்.

உமது பேரால் தலைநிமிர்ந்து நடக்கும்
மாடக்கண்ணு


பேட்டை
1912, ஐப்பசி 5

மாப்பிள்ளைக்கு அவசரமாக எழுதுவது. சுகம் பிறகு விசாரிக்கிறேன்.

அந்தக் கடிதத்தில் யாளியைப் பற்றியும் அரக்கைப் பற்றியும் அத்தனை எழுதினேனே, சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. எழுதுகிற சந்தோஷத்தில் மறந்துபோனேன். எங்கள் பட்டறை வழக்கம் ஒன்று உண்டு. புது வில்லின் மணி சாமி முன்னால்தான் முதல் சத்தம் கொடுக்க வேண்டும். வழியில் ஒலிக்கக் கூடாது என்று ஒவ்வொரு மணிக்குள்ளும் இலவம்பஞ்சு இறுக்கி அடைத்துவிடுவோம். வேறு வருஷங்களில் கோயிலுக்குப் போனதும் நானே எடுத்துவிடுவேன். நீர் பார்த்திருக்கமாட்டீர்.

இந்தத் தடவை நீர்தான் எடுக்க வேண்டும். கோயிலில் வைத்து, ஒரு கம்பியால் நோண்டி எடும். அதுவரை நீர் எவ்வளவு ஆட்டினாலும் அது ஊமை வில்தான். “மச்சான் ஊமை வில்லை அனுப்பிவிட்டாரே” என்று கோபப்பட்டுவிடாதீர்.

மாடக்கண்ணு


ஆரல்வாய்மொழி
1912, ஐப்பசி 5

அன்பிற்குரிய மச்சானுக்குக் காசிலிங்கம் எழுதியது. யாவரும் நலம்.

வில் நேற்றுச் சாயந்திரம் வந்தது. சுடலையாண்டி பாயோடு வைத்துவிட்டு அவன் வீட்டுக்குப் போய்விட்டான். எனக்குப் பொறுக்கவில்லை. கோயில் வரைக்கும் காத்திராமல் வீட்டிலேயே பிரித்து, நாணைப் பூட்டி, வீசுகோலால் ஒரு தட்டுத் தட்டினேன்.

அடடா! என்ன நாதம் மச்சான்! மணிகள் ஒவ்வொன்றும் கணீர் கணீர் என்று பேசுகின்றன. வீடு முழுவதும் நிறைந்துவிட்டது. இதுவரை நீர் செய்த வில்லுகளில் இதுதான் சத்தத்தில் முதல். முறப்பநாட்டில் கடைசி வரிசைக்கு என்ன, ஆற்றுக்கு அக்கரைக்கும் கேட்கும்.

மாரித்தாய் உம்மைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு
காசிலிங்கம்


பேட்டை
1912, ஐப்பசி 13

மாப்பிள்ளைக்கு மாடக்கண்ணு எழுதுவது. நாங்கள் சுகம்.

உமது கடிதம் வந்தது. என் அவசரக் கடிதமும் உமது கடிதமும் நாங்குநேரிப் பக்கம் எங்கேயோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்க வேண்டும். இதற்குள் என் கடிதத்தை வாசித்திருப்பீர்.

உமது கடிதத்தை நான் மட்டும்தான் வாசித்தேன். எலியேசர் வாத்தியார், “புலவரு என்ன எழுதியிருக்காரு?” என்று கேட்டார். வில் வந்து சேர்ந்ததாம் என்றேன். சுடலைவடிவிடமும் அதையேதான் சொன்னேன்.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நேற்று இந்த இடம் வரைக்கும் எழுதி, இன்றைக்கும் இதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். மழை விட்டிருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளும். பதில் எழுதும்.

மாடக்கண்ணு


பேட்டை
1912, கார்த்திகை 17

மாப்பிள்ளை காசிலிங்கத்துக்கு மாடக்கண்ணு எழுதுவது.

உமது கடிதம் வருமென்று தபால்காரர் வரும் வழியில் நிற்கிறேன். “ஒண்ணும் இல்ல பெரியவரே” என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார். என்மேல் கோபமா? சுகத்தை மட்டுமாவது எழுதும். ஒரு வரி போதும்.

மாடக்கண்ணு


ஆரல்வாய்மொழி
1912, மார்கழி 9

மச்சான் அவர்களுக்குக் காசிலிங்கம்.

உடம்புக்குச் சுகம்தான். காதுக்குத்தான் சுகமில்லை. இரண்டு வருஷமாகவே குறைந்துகொண்டு வருகிறது. இப்போது பக்கத்தில் நின்று கத்தினால் ஏதோ இரைச்சல் கேட்கிறது. மணி கேட்கவில்லை. குடம் கேட்கவில்லை. சுடலையாண்டியின் கையைக் கடைக்கண்ணால் பார்த்துத்தான் தாளம் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பெரிய மணி போட்டால் கேட்குமோ என்று ஒரு ஆசை. அதற்குத்தான் இந்த இரண்டு வருஷமும் உம்மைப் படுத்தினேன்.

அன்றைக்கு நான் வில்லைத் தட்டிவிட்டு “எப்படி?” என்று மாரித்தாயைப் பார்த்தேன். அவள் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். உமது கடிதம் வந்த பிறகுதான் அவள் ஏன் போனாள் என்று தெரிந்தது. பஞ்சு அடைத்த மணியைத் தட்டிவிட்டுக் கணீர் என்றேனே, அந்த வெட்கத்தில் உமக்கு இத்தனை நாள் எழுதவில்லை.

முறப்பநாட்டுக் கொடைதான் இப்போது என் நெஞ்சில் கல்லாகக் கிடக்கிறது. உமக்குத் தெரியாததில்லை. மதியக் கொடையில் சாமி இறங்கும் நேரத்தில் பாட்டுத்தான் அவரைக் கூட்டிவர வேண்டும். தாளம் தப்பினால் ஆடுகிறவர் பாதியில் நின்றுவிடுவார். கொடை குறைப்பட்டுப்போகும். காசிலிங்கம் கெடுத்தான் என்று ஊர் தலைமுறைக்கும் சொல்லும். கண் நாலு பக்கமும் பார்க்க வேண்டிய அந்த நேரத்தில் சுடலையாண்டியின் கையையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஆகவே வேறு குழுவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவர்களுக்கு எழுதப் போகிறேன். வில்லை உமக்கே அனுப்பிவிடுகிறேன். கையாலாகாதவன் வீட்டில் அப்படிப்பட்ட வில் கிடக்கக் கூடாது. நீர் எழுதப் படிக்கக் கற்றிராவிட்டால் இதை நான் எவருக்கும் எழுதியிருக்கவே முடியாது.

காசிலிங்கம்


பேட்டை
1913, தை 16

என் மாப்பிள்ளை காசிலிங்கப் புலவருக்கு மாடக்கண்ணு எழுதுவது. பொங்கல் சுகமாகப் போயிற்று. தங்கைக்குப் பொங்கல்படி அனுப்பியிருக்கிறேன்.

முதலில் ஒன்று. வில்லை அனுப்பாதீர். அனுப்பினால் வாங்கமாட்டேன். முறப்பநாட்டுக்கும் எழுதாதீர்.

உமது கடிதம் வந்த அன்று, மாப்பிள்ளைக்கு என்ன கேட்கிறது, என்ன கேட்கவில்லை என்று எனக்கே தெரிய வேண்டும் என்று தோன்றியது. இலவம்பஞ்சைத் தேங்காயெண்ணெயில் நனைத்து என் காதுகளில் இறுக்கி அடைத்துக்கொண்டேன். சுடலைவடிவு பின்னாலேயே வந்து வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். பாதி நாள் நல்ல நிம்மதி. அது தனிக்கதை.

பட்டறையில் ஒரு பனந்தடியின் இந்த முனையில் உட்கார்ந்திருந்தேன். அந்த முனையில் வேலைக்காரன் முதுகைக் காட்டிக்கொண்டு உளி அடித்துக்கொண்டிருந்தான். காதில் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு அடியும் என் தொடையில் வந்து தட்டியது மாப்பிள்ளை! இடுப்பில் ஏறி முதுகெலும்பில் வந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டு அவன் அடிக்கு அடி தலையாட்டினேன். ஒன்றும் தவறவில்லை. சுடலைவடிவு, “கெழவனுக்குச் சாமி வந்துட்டு” என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டிவந்துவிட்டாள்.

அன்றைக்கே பலாமரத்தில் ஒரே துண்டாகப் பலகை அறுத்தேன். ஒரு பக்கம் நீர் உட்கார. மறுபக்கம் குடம் வைக்க. குடத்துக்கு அடியில் வைக்கோல் பிரி வைப்பீர்கள் அல்லவா, அது அடியைக் குடித்துவிடுகிறது. பிரி வேண்டாம். குடத்தின் வயிறு பொருந்துகிற மாதிரிப் பலகையிலேயே குழி குடைந்திருக்கிறேன். நீர் உட்காரும் பக்கம் அடியில் மெலிதாக இழைத்து அதிரவிட்டிருக்கிறேன். பக்கங்களில் வில்லுக்கு ஏற்ற அரக்குச் சிவப்பு. மேடையில் பார்க்கிறவர்களுக்கு அது புலவருக்குப் போட்ட சிம்மாசனம்.

ஒன்று மட்டும் நீர் செய்ய வேண்டும். சுடலையாண்டியிடமும் குழுவிடமும் சொல்லிவிடும். பலகையில் குடம் வைக்கிறவனுக்கு ஏன் வைக்கிறோம் என்று தெரியாமல் முடியாது. கூச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் சொல்லும்.

மாடக்கண்ணு


ஆரல்வாய்மொழி
1913, மாசி 22

மச்சானுக்குக் காசிலிங்கம் எழுதியது. உமது உடம்பும் சுடலைவடிவு அக்காள் உடம்பும் நலம்தானே?

பலகை வந்தது. உலகத்தார் காதால் பாட்டுக் கேட்கிறார்கள். உமது தயவில் நான் மட்டும் உட்காருகிற இடத்தால் கேட்கிறேன். இதை எந்தப் புலவனும் பாட்டில் வைக்க முடியாதபடி செய்துவிட்டீர்.

முதல் வாரம் ஒன்றும் பிடிபடவில்லை. எல்லாம் ஒரே நடுக்கமாக வந்தது. பலகையை உடைத்து அடுப்பில் வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு ஒரு நாள் காலையில் குடத்தின் அடி வேறு, வீசுகோலின் அடி வேறு என்று பிரிந்து வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கதை முழுவதும் பாடினேன். மாரித்தாய் எதிரே உட்கார்ந்து கையால் தாளம் போட்டுப் பார்த்தாள். கண்ணைத் திறந்தபோது அவள் கையும் என் கோலும் ஒன்றாக இறங்கின. அவள் அழுதாள்.

குழுவிடம் சொல்லிவிட்டேன். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சுடலையாண்டி மட்டும் எழுந்து என் முகத்துக்கு நேராக வந்து, எனக்கு உதடு தெரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னான்: “இதச் சொல்லுததுக்கா ரெண்டு வருசம்? எங்கிட்ட கோளாறோன்னு நெனச்சு எத்தனை குடத்த மாத்தினேன் தெரியுமா வே?” பிறகு குடத்தைத் தூக்கிக் குழியில் வைத்தான்.

முறப்பநாட்டுக்கு வருகிறேன். ஆனால் பயம் போகவில்லை. நீர் முன்வரிசையில் இரும்.

காசிலிங்கம்


ஆரல்வாய்மொழி
1913, சித்திரை 24

மச்சான் அவர்களுக்குக் காசிலிங்கம். நேற்று ஊர் வந்து சேர்ந்தோம். கூட்டத்திலும் குலவையிலும் உம்மிடம் நின்று பேச முடியவில்லை. நீரும் வண்டியேறிவிட்டீர்.

என்னிடம் வந்தவர்கள் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஏதேதோ சொன்னார்கள். தலையாட்டினேன். பாட்டு எப்படி இருந்தது என்று குழுவைக் கேட்டால் நல்லதாகவே சொல்வார்கள். உம்மைக் கேட்கிறேன். பொய் வேண்டாம்.

இன்னொன்று. சாமி இறங்கி ஆடும்போது குடம் விரிசல்விட்டதாம். சுடலையாண்டி அதை உருவி எடுத்துக்கொண்டு வேறு குடத்துக்கு ஓடினானாம். இடப்பக்கம் உட்கார்ந்து பாடுகிறவர்கள், குடத்தின்மேல் கிடந்த வில்லை முழங்காலில் தாங்கிக்கொண்டார்களாம். நான் சாமியையே பார்த்துக்கொண்டிருந்ததால் இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் எனக்குத் தாளம் நிற்கவே இல்லை மச்சான். பலகையில் வந்துகொண்டே இருந்தது. குடத்தைவிடக் கனமாக வந்தது. குடம் இல்லாதபோது அடித்தது யார்? சுடலையாண்டி, சாமிதான் என்கிறான். உமக்கு ஏதாவது தெரியுமா?

காசிலிங்கம்


பேட்டை
1913, வைகாசி 2

தெக்கத்திச் சீமையெல்லாம் கொண்டாடும் காசிலிங்கப் புலவருக்கு, அவருடைய மச்சான் என்று சொல்லிக்கொள்ளும் மாடக்கண்ணு எழுதுவது. இங்கே சுகம். அங்கேயும் சுகமாயிருக்க வேண்டும்.

பொய் வேண்டாம் என்றீர். தொடக்கத்தில் காப்புப் பாடும்போது குரல் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. இடையில் ஒரு வரியை இரண்டு தரம் பாடினீர். அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் இதுவரை கேட்ட உமது பாட்டுகளிலேயே சிறந்தது. மணிகளும் குடமும் வீசுகோலும் ஒன்றாக விழும்போது வெயிலில் நின்ற ஜனம் நிழலுக்குப் போகவில்லை. எனக்கு வலப்பக்கம் நின்ற ஒரு பெண், “இந்த மனுசன் தொண்டையில என்ன தேனடையா இருக்கு?” என்றாள். பதநீர்க்காரன் பானையை இறக்கிவைத்துவிட்டு விற்க மறந்து நின்றான். அகமது மீரான் அண்ணாச்சி வந்திருந்தார். “நம்ம மூணு பேரு பேரும் நெலச்சுட்டு வே” என்றார். சாமியாடி கடைசி வரைக்கும் நிற்காமல் ஆடி, திருநீறு கொடுத்த பிறகுதான் மலையேறினார். உமது காதுக்கு வராத குலவைச் சத்தம் பாலத்துக்கு அப்பாலும் போயிற்று. இதையெல்லாம் எழுத மூன்று காலைப்பொழுது ஆனது. உமக்கு ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது.

குடம் போன சங்கதி. மேடை பனந்தடியைப் பரப்பிப் போட்டது. அதன்மேல்தான் உமது பலகை கிடந்தது. சுடலையாண்டி குடத்தை உருவியதும், முன்னால் மேடையை ஒட்டி நின்ற ஜனம் விளிம்பில் உள்ளங்கையால் தாளம் தட்டினார்கள். ஒருவர் தட்ட, பக்கத்தில் நின்றவர் தட்ட, பிறகு பெண்கள், பிறகு அந்தப் பதநீர்க்காரன், பிறகு அந்த வரிசை முழுவதும். புதுக்குடம் வரும்வரை விடவில்லை. அது சாமி இல்லை மாப்பிள்ளை. உமது பாட்டு நிற்கக் கூடாது என்று நினைத்த முறப்பநாட்டு ஜனம்.

அதை முதலில் தொடங்கியது யார் என்று அந்தக் கூட்டத்தில் எப்படிச் சொல்ல முடியும்?

இன்னும் எழுதலாம். ஆனால் சுடலைவடிவு தவிட்டை வறுத்துத் துணியில் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். ஒத்தடம் கொடுக்க வேண்டுமாம். “கொடை பாக்கப் போன மனுசனுக்கு உள்ளங்கை எப்படி வீங்கும்?” என்று ஊர் திரும்பிய நாள் முதல் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மச்சான்
மாடக்கண்ணு